மேற்குச் சுவரில் பெல்ஜியம் படம்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு சுவர். வெறும் சுவர். அதில் ஒன்றும் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். இதைக் கேட்க ஒரு மனுஷிக்கு உரிமை இல்லையா?

காதர்பேட்டையில் என் பெயரில் இருந்த வீட்டை விற்றுத்தான் என் மகன் ஜாஹித் அவிநாசி ரோட்டுப் பக்கம் இந்த வீட்டைக் கட்டினான். கையெழுத்துப் போடும் முன்னால் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "கண்ணு, எனக்கு முட்டி வலில மாடி ஏற முடியாது. கீழயே ஒரு ரூம் குடு. தொழுகறதுக்கு மேக்குப் பாத்து ஒரு செவுரு வுடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"இதையெல்லாம் கேக்கோணுமாம்மா? உங்க ஊடும்மா அது" என்றான். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். அவன் அத்தா, என் வீட்டுக்காரர் நஜீமுதீன், மவுத்தாகும்போது அவனுக்கு ஆறு வயது. அந்த ஆறு வயதுப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது இந்த வீட்டில் கீழும் மேலுமாக முப்பத்தொரு படங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட நம் பக்கத்துப் படம் இல்லை. எல்லாம் பெல்ஜியம் படம்.

ஜாஹித் துணியில் டிஜிட்டல் பிரிண்ட் போடும் கம்பெனி வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெல்ஜியத்துக்கு வியாபார விஷயமாகப் போனபோது என் மருமகள் தபஸ்ஸுமையும் கூட்டிப் போனான். இவன் துணி வாங்குகிற பையர்களைப் பார்க்கப் போய்விட, அவள் மூன்று நாளும் அந்த ஊர் மியூசியத்திலேயே நின்றிருக்கிறாள். வந்ததிலிருந்து அதே பேச்சுதான். "பிளெமிஷ் பெயின்டிங்குங்க மாமி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி அந்த ஊர்க்காரங்க வரைஞ்சது. ஒரு மயிர்க்கால் விடாம வரைஞ்சிருக்காங்க." வீடு கட்டி முடிந்ததும் எங்கிருந்தோ படங்களை வாங்கி, எங்கள் கம்பெனி மெஷினிலேயே கேன்வாஸில் அடித்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். வீடு பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், "பெல்ஜியம் கண்ணாடி கேள்விப்பட்டிருக்கறோம், படமுமா?" என்று கேட்டார்கள்.

அவளும் சின்ன வயதில் வரைவாளாம். கோயமுத்தூரில் டெக்ஸ்டைல் டிசைன் படித்தவள். நிக்காஹ் பேசி முடித்ததும் அவள் அத்தா, வரைந்தது போதும் என்று பிரஷ், கலர் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அன்றைக்கு நான் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் சுடிதார் ஓரத்தில் தையல் பிரிந்திருந்ததைக் காட்டினேன்.

அதுதான் என் புத்தி. என்ன செய்ய? இருபத்தாறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் நான். ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, வருகிற பீஸை எல்லாம் விரித்து, திருப்பி, இழுத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அதன் பக்கத்தில் ஒரு ஆரோ ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சிவப்பு அம்பு போட்ட, விரல் நகம் அளவு ஸ்டிக்கர். அம்பு முனை குறையைத் தொட்டு நிற்க வேண்டும். எங்கள் டேபிளில், "சைதுன்னிசா கண்ணுக்குத் தப்புன பீஸ் கப்பல்ல தைரியமா ஏறலாம்" என்பார்கள். அந்தக் கண்தான் பிள்ளையைப் படிக்க வைத்தது. அதே கண்தான் வீட்டுக்கு வந்த பிறகும் மூடிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

படங்கள் வந்திறங்கிய அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். முதல் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. படம் முழுக்கப் பொடிப்பொடியாக வெடிப்பு.

"கண்ணு, இது அப்புடியே ரிஜெக்ட் ஆகும். பூரா கிராக் வுட்டிருக்குது பாரு."

தபஸ்ஸும் சிரித்தாள். "அது ஒரிஜினல்லயே இருக்கறதுங்க மாமி. ஐந்நூறு வருஷத்து வெடிப்பு. அதையும் சேத்துத்தான் பிரிண்ட் பண்ணோணும். அதான் அழகு."

அடேயப்பா! நான் வேலை பார்த்த இடத்தில் வெடிப்பு விட்ட பிரிண்டுக்கு மேனேஜர் ஆளைப் போட்டு வறுத்தெடுப்பார். இங்கே வெடிப்பைத் தேடிப் பிடித்து அச்சடிக்கிறார்கள். எனக்கென்ன வந்தது என்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஹாலில் ஒரு கல்யாணப் பந்தி மாட்டினாள். குண்டு குண்டாக ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், கழற்றிய கதவின் மேல் கூழ்த் தட்டுகளை அடுக்கி இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். பொண்ணு ஒரு மூலையில் கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கிறாள். "இதுல மாப்பிள்ள எவன்?" என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு செத்த முயலும் பாதி உரித்த எலுமிச்சம்பழமும். "சோறு திங்கற எடத்துல செத்த முயலா கண்ணு?" என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்று சொன்னேன். அவள் ஒவ்வொரு தடவையும், "சரிங்க மாமி" என்றாள். ஒன்றையும் கழற்றவில்லை.

எல்லாம் போகட்டும். கடைசியில் என் அறைக்கு வந்தார்கள்.

நான் உம்ராவோ ஹஜ்ஜோ போன பெரிய மார்க்கக்காரி இல்லை. டிவி பார்ப்பேன், பேப்பரில் போட்டோ பார்ப்பேன். ஆனால் தொழும்போது எதிரே உருவப்படம் இருக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கம். முட்டி போனதிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். அதனால் எதிர்ச் சுவரில் எது இருந்தாலும் நேராகக் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். அந்த மேற்குச் சுவரில் கொண்டுவந்து மாட்டினாள் ஒரு கிழவனை. சிவப்புத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, என்னையே முறைத்துப் பார்க்கிறான். அல்லாஹு அக்பர் என்று கையைத் தூக்கினால் அவன் முகம். நான் எங்கே போய்த் தொழுவது?

பெட்ஷீட்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டு மூடினேன். மத்தியானம் அவள் எடுத்து மடித்து வைத்தாள். நான் மறுபடி மூடினேன். நான்கு நாள் இப்படியே நடந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் ஜாஹித் வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அம்மா, ஹால் சோபால உக்காந்தா நேரா இந்தச் செவுருதாம்மா தெரியுது. பையருங்க வர்ற ஊடு. பெட்ஷீட் தொங்குனா நல்லாவா இருக்குது?"

"கதவச் சாத்திக்கறேன்டா."

"அது கண்ணாடிக் கதவும்மா."

ஆமாம். என் அறைக்குக் கண்ணாடிக் கதவு. ஆர்க்கிடெக்ட் சொன்னாராம், வெளிச்சம் வருமாம். துணி மாற்ற நான் குளியலறைக்குப் போகிறேன் என்பது ஆர்க்கிடெக்டுக்குத் தெரியாது.

"செவுத்த வெறுசா வுடுறா. உங்கிட்ட வேறென்ன கேட்டேன்?"

"முப்பது படம் இருக்கற ஊட்டுல ஒரு செவுரு மட்டும் மொட்டையா இருந்தா, படம் வாங்கக் காசில்லையோன்னு நெனப்பாங்கம்மா" என்றான். பிறகு தபஸ்ஸுமே வழி சொன்னாள். "கிழவர எடுத்தர்றேனுங்க மாமி. பூப்படம் மாட்டிக்கலாம். வெறும் பூங்க. உயிருள்ளது ஒண்ணுகூட இருக்காது. தொழுகறதுக்கு ஒண்ணும் தடையில்லீங்களே?"

மரியாதையாகத்தான் கேட்டாள். அவள் எப்போதும் மரியாதைதான். நானும் சரி என்றேன்.

பூப்படம் அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பூச்சாடி. அதில் ஒரே சமயத்தில் பூக்கவே பூக்காத பூக்கள் எல்லாம் ஒன்றாகப் பூத்திருக்கின்றன. இரண்டு நாள் அதைப் பார்த்து நிம்மதியாகத் தொழுதேன். மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுது முடித்து நிமிர்ந்தால், வெள்ளை ரோஜாவின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருக்கிறது. துண்டை எடுத்து விசிறினேன். போகவில்லை. ஓங்கி ஒரு அடி அடித்தேன். அசையவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் அது படத்து ஈ.

எனக்குள் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. உயிருள்ளது ஒன்றுகூட இருக்காது என்றாளே?

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ட்யூப் லைட்டைப் போட்டேன். நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். செக்கிங் டேபிளில் பீஸ் பார்ப்பது போல மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு விரற்கடை விடாமல் பார்த்தேன். ஒரு எறும்பு. தண்டில் இன்னும் இரண்டு. இலைக்கு அடியில் ஒரு கம்பளிப்பூச்சி. பெட்டியைத் திறந்து, வேலையை விட்டு வரும்போது கொண்டுவந்த ஆரோ ஸ்டிக்கர் ரோலைத் தேடி எடுத்தேன். பழகின கை, சும்மா இருக்குமா? பார்க்கப் பார்க்க ஒட்டினேன். நத்தை, வெட்டுக்கிளி, தும்பி, வண்டு, இரண்டு வண்ணத்துப்பூச்சி. சாடியின் நிழலில் ஒரு பல்லி. நூலிழையில் தொங்கும் சிலந்தி. உதிர்ந்த இதழ் மேல் இன்னொரு ஈ. மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றையும் அம்பு முனை தொட்டு நின்றது.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! வேலையை விட்டு ஒன்பது வருஷம் கழித்து என் கண் மறுபடி எனக்குக் கிடைத்தது மாதிரி இருந்தது. அதோடு இன்னொரு சந்தோஷமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் வசமாக மாட்டிக்கொண்டாள் என்ற சந்தோஷம்.

கூப்பிட்டுக் காட்டினேன். "உயிருள்ளது ஒண்ணுகூட இல்லைன்ன? எண்ணிக்க கண்ணு."

அவள் எண்ணவில்லை. ஓடிவந்து ஒரு ஸ்டிக்கரைப் பிடித்து இழுத்தாள். கூடவே கலரும் உரிந்து வந்தது. போன வாரம்தான் மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், சரியாகக் காயவில்லை. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு அம்பு. இன்னொன்றை மெதுவாக எடுத்துப் பார்த்தாள். அதுவும் உரிந்தது. ஒவ்வொன்றாகப் பதினான்கையும் எடுத்தாள். எடுக்க எடுக்க அழுதாள். படத்தில் பதினான்கு வெள்ளை அம்புகள், ஒவ்வொரு பூச்சியையும் காட்டிக்கொண்டு.

மறுநாள் மத்தியானம் பெல்ஜியத்திலிருந்து பெரிய பையர் சாப்பிட வருவதாக இருந்தது. இத்தனை படமும் மாட்டியதே அந்த ஆள் பார்க்கத்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜாஹித் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா இப்புடிப் பண்ணுனீங்க?"

"பூ மட்டும்தான்னாளே. பொய்யிதான?"

"அவளுக்கே தெரியாதும்மா! யாரு உத்து உத்துப் பாக்கறா? நீங்கதான் பாப்பீங்க. நான் போட்ட சட்டைலருந்து கட்டுன பொண்டாட்டி வரைக்கும் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. பத்தாவதுல நானூத்தி எழுபது வாங்குனேன், மீதி முப்பது எங்கன்னு கேட்டீங்க. உங்க கண்ணுக்கு நாங்கெல்லாம் ரிஜெக்ட் பீஸும்மா. என்னைக்காச்சும் எங்கள ஓகேன்னு சொல்லிருக்கீங்களா?"

என்னத்தைச் சொல்ல? ஓகே பீஸுக்கு ஸ்டிக்கர் கிடையாது கண்ணு, நல்லதாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கம் தள்ளிவிடுவோம், அதுதான் எங்கள் பழக்கம். இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. அவன் போய்விட்டான்.

மறுநாள் என் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் திரை போட்டார்கள். என்னையும் வீட்டு வேலை செய்யும் முத்தாயியையும் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். முத்தாயி கொமரலிங்கத்துக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பிரியாணி வாசம் வந்தது. ஹாலில் அந்த மனிதர் ஒவ்வொரு படமாகப் பார்த்து ஏதோ சொல்வதும் ஜாஹித் சிரிப்பதும் கேட்டது. கை கழுவ இடம் தேடியவர், திரையை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார்.

அறுபது வயது இருக்கும், வெள்ளைத் தாடி. என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு படத்தைப் பார்த்தார். கிட்டே போனார். குனிந்தார். முதல் அம்பைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். துணி வாங்குகிற ஆள் அல்லவா, அந்த அம்பு அவருக்குத் தெரியாதா? "யார் செய்தது?" என்று அவர் கேட்டது எனக்கே புரிந்தது.

ஜாஹித் ஒரு கணம்தான் திகைத்தான். வியாபாரி. உடனே பக்கத்தில் வந்து என் தோளில் கை போட்டான். "மை மதர். டுவென்டி சிக்ஸ் இயர்ஸ் செக்கர்" என்றான்.

என் மகன் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தபஸ்ஸுமைப் பெண் கேட்டுப் போனபோது, அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று சொன்னவன் அவன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் ஊரில் இந்த மாதிரிப் படத்தில் நாலைந்து பூச்சி காட்டுவார்களாம், பதினான்கை யாரும் காட்டியதில்லையாம். ஜாஹித் தமிழில் சொன்னான். தலையில் முக்காட்டோடு, படத்துக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்து அவர் போட்டோ எடுத்தார். என்னை மேஜைக்கு அழைத்து அவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். செத்த முயலுக்குக் கீழே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். தபஸ்ஸும் எனக்கு இரண்டு தடவை கறி வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அவர் என்னவோ கேட்டார். "உங்களுக்கு என்ன வேணும், கேளுங்கன்னு சொல்றாரும்மா" என்றான் ஜாஹித்.

சமயம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. "எனக்கு அந்தச் செவுரு வெறுசா வேணும்னு சொல்லு. தொழுகறதுக்குன்னு சொல்லு. படம் நல்லாருக்குது, ஆனா கழட்டோணும்னு சொல்லு கண்ணு."

ஜாஹித் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஷி லவ்ஸ் தட் பெயின்டிங் வெரி மச்."

அவர் கை தட்டினார். தபஸ்ஸும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று என் மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். இருபத்தாறு வருஷம் பையர் வந்து போகிற கம்பெனியில் நின்றவளுக்கு லவ்வும் வெரி மச்சும் புரியாதா? அந்தப் பந்தியில் எழுந்து சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஆர்டர் கிடைக்கட்டும் என்றுதான் இருந்தேன். பெற்ற வயிறு வேறு எப்படி நினைக்கும்?

ஆர்டர் கிடைத்தது. பத்து நாள் கழித்து, நான் அவிநாசியில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தபோது இருவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். "கண்ண மூடிக்கங்க மாமி" என்று தபஸ்ஸும் என் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப் போனாள். படத்தைக் கழற்றிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். வல்லாஹி, அப்படித்தான் நினைத்தேன்.

கண்ணைத் திறந்தால் மேற்குச் சுவரில் நான்.

ஆள் உயரத்துக்கு என் படம். அந்தப் பெல்ஜியம்காரர் எடுத்த போட்டோவை அந்த ஊர்ப் படம் மாதிரியே மாற்றி அடித்திருக்கிறார்கள். பின்னால் ஒரே இருட்டு. ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் வெளிச்சம். வெள்ளை முக்காட்டின் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. மூக்கோரத்தில் எனக்கிருக்கிற மருவை எடுத்துவிட்டு, முகம் முழுக்க, நெற்றியில், கன்னத்தில், உதட்டில், பொடிப்பொடியாக அந்த ஐந்நூறு வருஷத்து வெடிப்பைப் போட்டிருக்கிறார்கள்.

"நாலு நாள் உக்காந்து நானே பண்ணேனுங்க மாமி" என்றாள் தபஸ்ஸும். அவள் கண் மினுங்கியது. ஆசையாகத்தான் செய்திருக்கிறாள். அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேனே.

"கண்ணு, எதுத்தாப்ல என் மூஞ்சியே இருந்தா நான் யாரப் பாத்துத் தொழுகறது?"

ஜாஹித்தின் முகம் சுருங்கியது. "உங்க படமே உங்களுக்கு ஆகலையாம்மா? இதுலயும் குறைதானா?" என்றான். இருவரும் மாடிக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழ இடமில்லாமல் முஸல்லா விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். மேற்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் இருக்கும் இடத்தை ஒட்டி முத்தாயிக்கு ஒரு சின்ன அறை உண்டு. கதவோரம் நின்ற என்னைப் பார்த்தவள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேற்குச் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைக் கழற்றிக் கிழக்குச் சுவரில் மாட்டினாள்.

"ஏனுங்கம்மா நிக்கறீங்க, வாங்க. எங்க சாமி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க" என்றாள். என் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினையும் நிறுத்திவிட்டாள்.

பூசி, வெள்ளையடித்து, ஒன்றும் தொங்காத சுவர். என் வீட்டை விற்றுக் கட்டிய வீட்டில் அது வேலைக்காரியின் அறையில்தான் இருந்தது.

ஒரு வாரம் ஐந்து வேளையும் அங்கேயே போய்த் தொழுதேன். எட்டாம் நாள் தபஸ்ஸும் வந்து நின்றாள். "மாமி, இங்கதான் உங்களுக்கு வசதின்னா, உங்க கட்டிலு, பெட்டி எல்லாத்தையும் இங்கயே போட்டறலாமுங்களா? முன் ரூம் சும்மா கெடக்குதுங்க. பையருங்க வந்தா தங்கிக்குவாங்க. முத்தாயி ஸ்டோர் ரூம்ல படுத்துக்குவா."

வேண்டாம் என்று நான் சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்தாளோ என்னவோ, கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வீம்பு. "போட்டுக்க கண்ணு" என்றேன். சாயங்காலம் வந்த ஜாஹித்தாவது இதென்ன கூத்து என்று சத்தம் போடுவான் என்று காத்திருந்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேன் போதுமாம்மா? காத்து வருதா?" என்று கேட்டான்.

போன வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுச் சித்ராதேவி அம்மா வந்திருந்தார்கள். அவர்களும் கார்மென்ட்ஸ் நடத்துகிறவர்கள்தான். தபஸ்ஸும் அவர்களுக்குப் படம் படமாகக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அங்கிருந்து எல்லாம் கேட்கும். முன் அறைக்குப் போனவர்கள் என் படத்துக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும். சித்ராதேவி அம்மாவின் குரல் சட்டென்று தணிந்தது.

"ஜாஹித் தம்பியோட அம்மாங்களா? எப்பங்க தவறுனாங்க?"

தபஸ்ஸும் பதறிப்போய்ச் சொன்னாள். "அய்யோ, இல்லீங்க. இருக்கறாங்க. பின்னாடி ரூம்ல இருக்கறாங்க. அவங்களுக்கு அங்கதானுங்க புடிச்சிருக்குது."

"ஓ, அப்புடீங்களா" என்றார்கள் அந்த அம்மா. யாரும் பின்னால் வந்து பார்க்கவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கையைக் கழுவிக்கொண்டு போய்த் தொழுதேன். சுவர் வெறுமையாக இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை. முடித்துவிட்டு துஆவுக்குக் கையேந்தினேன். யா அல்லாஹ், என் பிள்ளை ஜாஹித்துக்கு என்றுதான் என் துஆ ஆரம்பிக்கும். அவன் பிறந்த நாளிலிருந்து ஒரு வேளைகூட அவன் பெயர் இல்லாமல் நான் கையை இறக்கியதில்லை. அன்றைக்கு அந்தப் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஏந்திய கையோடு எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒன்றும் கேட்காமலேயே கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தேன்.